கஞ்சி மட்டும் போதுமா? பராமரிப்பில் இருக்கும் முதியவர்களுக்கான ஊட்டச்சத்து: முழுமையான வழிகாட்டி

“ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க, அப்புறம் வேண்டாம்னுட்டாங்க.” முதியோர் இல்லமோ, ஹோம் நர்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடோ, பல இடங்களில் ஒரு நாளின் சாப்பாட்டுக் கணக்கு இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. வயசாகிவிட்டது, பசி குறையத்தான் செய்யும் என்று எல்லோரும் சமாதானமாகிவிடுகிறோம். பசி குறைவது உண்மைதான். ஆனால் உடம்புக்கு வேண்டிய புரதம் வயதோடு சேர்ந்து குறைவதில்லை. நோய் வந்தால் இன்னும் கூடுகிறது. பசி சிறுத்து, தேவை அப்படியே நிற்கும்போது தசை கரைகிறது. கட்டிலிலிருந்து எழ முடியாமல் போகிறது, படுக்கைப்புண் வருகிறது, சாதாரணச் சளி நிமோனியாவில் கொண்டுபோய் விடுகிறது.

அதிகம் சாப்பிட வைக்கப் போராட வேண்டாம். அவர் சாப்பிடும் அந்த நாலு வாயில் சத்தை ஏற்றுவதும், அந்த நாலு வாய் பத்திரமாக உள்ளே போவதும்தான் நம் வேலை. கீழே உள்ளது வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இல்லங்களில் வேலை செய்பவர்களுக்கும் பொதுவானது.

படி 1: முதலில் அளந்து எழுதுங்கள்

மாதம் ஒருமுறை எடை. ஒரே தராசு, காலை நேரம், லேசான உடை. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. 50 கிலோ இருந்த அம்மா ஒரே மாதத்தில் 47.5-க்கு வந்தால் அது 5 சதவீதம். “ரெண்டரை கிலோதானே” என்று விடக்கூடிய விஷயமில்லை.

நிற்க முடியாதவர்களுக்கு தையல்காரரின் அளவு டேப் போதும். முழங்காலை மடக்கி வைத்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். 31 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவு ஏமாற்றிவிடும். வீக்கம் எடையையும் ஏற்றிக் காட்டும். டேப் கையில் இல்லாதபோதும் வீட்டுக்குள்ளேயே அடையாளங்கள் உண்டு. மோதிரம் கழன்று விழுகிறது, ஜாக்கெட் தொளதொளக்கிறது, நேற்றுவரை பொருந்திய பல்செட் ஆடுகிறது என்றால் எடை இறங்கிக்கொண்டிருக்கிறது.

இல்லங்களில் ‘மினி நியூட்ரிஷனல் அசெஸ்மென்ட்’ என்ற படிவத்தின் சுருக்க வடிவத்தைப் பயன்படுத்தலாம். ஆறே கேள்விகள், மொத்தம் 14 மதிப்பெண். 12-ம் அதற்கு மேலும் பரவாயில்லை, 8 முதல் 11 வரை ஆபத்து நெருங்குகிறது, 7-ம் அதற்குக் கீழும் சத்துக்குறைவு. எடை பார்த்து உடல் நிறை எண் (BMI) கணக்கிட முடியாவிட்டால் கெண்டைக்கால் அளவை வைத்தே போடலாம்.

அப்புறம், மூன்று நாள் நோட்டு. தட்டில் வைத்ததை எழுதிப் பயனில்லை, வாய்க்குள் போனதை எழுத வேண்டும். “இட்லி 2” என்று எழுதுவதற்கும் “இட்லி 2 வைத்தோம், முக்கால் சாப்பிட்டார்” என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 2: ஏன் சாப்பிடவில்லை என்று தேடுங்கள்

சத்துமாவு டப்பா வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். ஆடும் பல், ஈறுப் புண், நாக்கில் தயிர் ஆடை மாதிரி வெள்ளைப் படலம் (பூஞ்சைத் தொற்று, ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கும் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவர்களுக்கும் சகஜம்) இருந்தால் யாருக்குத்தான் சாப்பிடப் பிடிக்கும்?

அடுத்து மலச்சிக்கல். நாலு நாளாக வெளியே போகாதவருக்கு வயிறு முட்ட நிற்கும். அவர் “பசிக்கலை” என்றுதான் சொல்வார். மாத்திரைகளையும் பாருங்கள். மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கு), டிகாக்ஸின் (இதயத்துக்கு), சில வலி மாத்திரைகள் பசியைக் கெடுக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், பட்டியலோடு மருத்துவரிடம் போய் ஒவ்வொன்றும் இன்னும் தேவையா என்று கேளுங்கள். மெட்ஃபார்மினை நாள்பட எடுப்பவர்களுக்கும் சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம், அதையும் பார்த்துவிடலாம்.

தைராய்டு, வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். துணை இறந்த பிறகு சாப்பாட்டை வெறுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு மனநல மருத்துவரின் உதவியும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆளும் தேவை. டானிக்கால் அது சரியாகாது.

சில காரணங்கள் சிரிப்பு வருமளவுக்குச் சின்னவை. மறதி நோய் உள்ளவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் வெள்ளைத் தட்டில் இட்லியோ தயிர்சாதமோ வைத்தால் சாப்பாடு இருப்பதே தெரியாது. வாழையிலைத் துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் வையுங்கள், வெள்ளை எடுத்துக் காட்டும். இன்னொன்று ஸ்பூன். எழுபது எண்பது வருடம் கையால் பிசைந்து சாப்பிட்டவரிடம் ஸ்பூனை நீட்டினால் அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பார். கையைக் கழுவிவிட்டு, உருண்டையாக உருட்டி உள்ளங்கையில் வையுங்கள். பழகிய கை தானாக வாய்க்குப் போகும்.

படி 3: எவ்வளவு வேண்டும்?

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி முதியவர்களுக்குப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கலோரி, குறைந்தது 1 கிராம் புரதம். நோயில் இருந்தால் 1.2 முதல் 1.5 கிராம் வரை. படுக்கைப்புண் இருந்தாலும் இந்த மேல் அளவுதான். 45 கிலோ உள்ள பாட்டிக்கு 1,350 கலோரியும் குறைந்தபட்சம் 45 கிராம் புரதமும் என்று கணக்கு வரும்.

இப்போது ஒரு வழக்கமான நாளைப் பார்ப்போம். காலை காபி, ரெண்டு இட்லி, மதியம் ஒரு கப் ரசம் சாதமும் கொஞ்சம் மோரும், மாலை காபியும் ரெண்டு பிஸ்கட்டும், இரவு ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சி. வயிறு நிறைந்த மாதிரிதான் தெரியும். கூட்டிப் பார்த்தால் புரதம் 20 கிராமைத் தாண்டாது. பாதிக்கும் கீழே!

படி 4: அதே அளவு, கூடுதல் சத்து

நம் வீடுகளில் உடம்பு சரியில்லை என்றாலே கஞ்சிதான். இரண்டு மூன்று நாள் காய்ச்சலுக்கு அது நல்ல உணவு, மறுக்கவில்லை. மாதக்கணக்கில் அதையே கொடுப்பதுதான் சிக்கல். அரிசிக் கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு டம்ளர் குடித்தால் வயிறு ரொம்பிவிடும், உள்ளே போன புரதமோ ரெண்டு கிராம்.

எனவே கஞ்சியை விடாமல் கஞ்சியை மாற்றுங்கள். அரிசியோடு இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்தால் ஏறக்குறைய 5 கிராம் புரதம் கூடும். தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சலாம். இறக்கிய பிறகு ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் 45 கலோரி. அளவு கூடாமலே சக்தி ஏறும்.

மேலே சொன்ன அதே பாட்டிக்கு மாற்றி அமைத்த ஒரு நாள் இது:

- காலை: பால் 150 மி.லி.யில் ஒரு மேசைக்கரண்டி பால்பவுடர் கலந்த காபி. கொஞ்ச நேரம் கழித்து ரெண்டு இட்லி, கெட்டிச் சாம்பார்
- 11 மணி: ஒரு முட்டை (6 கிராம் புரதம்), நன்றாக வெந்தது
- மதியம்: முக்கால் கப் சாதம், 30 கிராம் பருப்பு வேகவைத்துக் கடைந்தது, நெய், அரை கிண்ணம் தயிர்
- மாலை: 20 கிராம் பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்துக் காய்ச்சிய கூழ்
- இரவு: பாசிப்பருப்புப் பொங்கல் தளதளவென்று, கூடவே இன்னொரு முட்டை
- படுக்கும் முன்: அரை டம்ளர் பால்

இது 50 கிராமைத் தொடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒவ்வொரு முட்டைக்கும் பதிலாக 30 கிராம் பன்னீரை உதிர்த்துப் போடலாம். மீன் சாப்பிடுபவர்களுக்கு முள்ளில்லாத மீனை மசித்து, குழம்பில் ஈரப்படுத்திக் கொடுக்கலாம்.

படுக்கும் முன் கொடுக்கும் பாலை விட்டுவிடாதீர்கள். பல இல்லங்களில் சமையலாட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக இரவுச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடும். காலை டிபன் எட்டு மணிக்கு. நடுவில் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலே வெறும் வயிறு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்தும் கூட.

கடையில் விற்கும் ‘ஹெல்த் டிரிங்க்’ பற்றி ஒரு வார்த்தை. டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். பல மால்ட் பானங்களில் 100 கிராமுக்குப் புரதம் 10 கிராமை ஒட்டித்தான் இருக்கும், மீதி பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும். நம் பொட்டுக்கடலையில் 100 கிராமுக்கு 20 கிராம் இருக்கிறது, விலையும் குறைவு. மருத்துவர் எழுதித் தரும் ஊட்டச்சத்துப் பவுடர்கள் வேறு ரகம்; சாப்பாட்டால் ஈடுகட்ட முடியாதபோது அவை உதவும். அவற்றை இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடையே கொடுங்கள், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் கொடுத்தால் சாப்பாடு போய்விடும்.

ருசியையும் கவனியுங்கள். வயதாக ஆக நாக்கும் மூக்கும் மந்தமாகும், உப்புச் சப்பில்லாத பத்தியச் சாப்பாடு மண் மாதிரி இருக்கும். எலுமிச்சை, புதினா, மல்லி, சீரகம், பெருங்காயம் எல்லாம் உப்பைக் கூட்டாமல் வாசனை கூட்டுபவை. நுனி விரலில் தொட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு கிண்ணம் தயிர்சாதத்தை உள்ளே அனுப்பும் என்றால், இதய நோய்க்காகக் கண்டிப்பான உப்புக் கட்டுப்பாடு இல்லாதவரை நான் அதைத் தடுக்க மாட்டேன்.

படி 5: விழுங்குவதில் சிக்கல் இருக்கிறதா?

பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் உள்ளவர்களிடம் இதை முதலிலேயே சந்தேகிக்க வேண்டும். சாப்பிடும்போது இருமல், பிறகு குரலில் ஒரு ஈரக் கரகரப்பு, கன்னத்தில் சோறு ஒதுங்குவது, ஒரு வாய்க்கு நெடுநேரம் பிடிப்பது, அடிக்கடி வந்து போகும் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் இதன் அடையாளங்கள். இருமலே இல்லாமலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதுண்டு, அதனால் “இருமவே இல்லை, நல்லாத்தான் முழுங்கறார்” என்பதை நம்பிவிட முடியாது. பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சை நிபுணர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் எந்தப் பதம் பத்திரம் என்று தெரிந்துவிடும். உணவுப் பதத்தை 0 முதல் 7 வரை எண்ணிட்ட சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு. வெறும் தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. நிபுணர் எந்த எண்ணைச் சொல்கிறாரோ அதைக் கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

இந்தச் சிக்கல் உள்ளவர்களுக்கு மிகவும் ஆபத்தானது தண்ணீர்தான். சட்டென்று ஓடி, மூச்சுக்குழாய் மூடுவதற்குள் தவறான வழியில் போய்விடும். அதோடு நம் பழக்கம் ஒன்று சேர்கிறது: டம்ளரில் வாய் படாமல் அண்ணாந்து குடிப்பது. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய் திறந்து கொடுக்கும். வயதானவர்களுக்கு எச்சில் பார்க்காமல் தனி டம்ளர் வைத்து, வாய் வைத்துச் சப்பிக் குடிக்கச் சொல்லுங்கள். பாலாடையால் வாயில் ஊற்றுவதும் அதே காரணத்தால் வேண்டாம்.

அடுத்து ரசம் சாதம். மென்மையானது, சுலபமானது என்று நினைப்போம். அதில் நீரும் பருக்கையும் தனித்தனியாக நிற்கின்றன. நீர் முன்னால் ஓட, பருக்கை வாயில் நிற்க, தொண்டை குழம்பிப்போகும். சாம்பாரில் மிதக்கும் இட்லியும், பாலில் ஊறிய பிரெட்டும் இதே வகை. எதைக் கொடுத்தாலும் ஒரே சீராகப் பிசைந்து கொடுங்கள், தட்டைச் சாய்த்தால் தண்ணீர் பிரிந்து ஓடக் கூடாது. பொரி, புட்டு, உதிரும் பிஸ்கட், அப்பளம் வேண்டாம். மேலண்ணத்தில் ஒட்டும் களியும் வேண்டாம். கூழாக மசித்தது சரியான பதமா என்று பார்க்க, ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். மொத்தமாக வழுக்கி விழுந்து, ஸ்பூனில் லேசாக மட்டும் ஒட்டியிருந்தால் சரி. ஓடினால் நீர்த்திருக்கிறது; உதறினாலும் விழாவிட்டால் அதிகக் கெட்டி.

மாவு போட்டுக் கெட்டியாக்கிய கூழில் ஒரு நுணுக்கம் உண்டு. எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் விட்டால், கால் மணி நேரத்தில் கூழ் நீர்த்துக்கொண்டே வரும். எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதுதான் காரணம். ஆரம்பத்தில் பத்திரமாக இருந்த பதம் கடைசிக் கரண்டிகளில் இருமலைக் கிளப்பும். கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுங்கள். சாந்தன் கம் கலந்த கெட்டியாக்கும் பவுடர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும், அவை எச்சிலில் இளகுவதில்லை.

படி 6: ஊட்டும் முறை

டி.வி.யை நிறுத்துங்கள். முடிந்தவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்கும் பக்கவாட்டிலும் தலையணை கொடுங்கள். நீங்களும் அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்க்க வேண்டிவரும், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். முகவாய் லேசாகக் கீழே இருப்பது நல்லது. கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “அம்மா, இது பருப்பு சாதம்” என்று என்ன கொடுக்கிறோம் என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

டீஸ்பூனில் பாதி. ஸ்பூனால் நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி எடுங்கள். தொண்டைக் குமிழ் மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். பக்கவாதம் வந்தவராக இருந்தால் பலமுள்ள பக்கமாக வையுங்கள். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் மிச்சம் இருக்கிறதா என்று நடுநடுவே பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் ஒருபோதும் ஊட்டக் கூடாது. முடிந்ததும் அரை மணி நேரம் சாய்க்காமல் வைத்திருங்கள், வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். வாயில் தங்கும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போய்த்தான் பல நிமோனியாக்கள் வருகின்றன.

ஒருவருக்கு ஊட்ட அரை மணி நேரமாவது ஆகும். ஒரே ஆயாம்மா அரை மணியில் ஆறு பேருக்கு ஊட்ட வேண்டும் என்று அட்டவணை போட்டால், அவசரத்தில் திணிப்பதும் பாதியில் தட்டை எடுப்பதும் நடக்கத்தான் செய்யும். அதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை. தானாகச் சாப்பிடுபவர்களுக்கு முதல் பந்தியும் ஊட்ட வேண்டியவர்களுக்கு இரண்டாம் பந்தியும் என்று நிர்வாகம் பிரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

படி 7: தண்ணீர்

வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. பாத்ரூம் போக இன்னொருவரைக் கூப்பிட வேண்டுமே என்று தாகம் தெரிந்தாலும் குடிக்க மாட்டார்கள். பானங்களாக மட்டும் பெண்களுக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் என்பது பொது அளவு. நம் வெயிலில் இன்னும் கூடும். மோர், பானகம், சூப், காபி எல்லாமே கணக்கில் சேரும். திடீரென்று உளறினாலோ அதிகமாகத் தூங்கினாலோ நீர் வற்றியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதயச் செயலிழப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக நோயாளிகளுக்குக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

படி 8: நோய்க்கான பத்தியத்தை எங்கே தளர்த்தலாம்?

85 வயதில் எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் சர்க்கரை, கொழுப்பு, உப்பு என்று மூன்றையும் நிறுத்தினால் தட்டில் எதுவும் மிஞ்சாது. நொய்ந்த முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும் என்று மருத்துவர்களே தளர்த்துவதுண்டு; தாழ்சர்க்கரையில் விழுந்து இடுப்பு உடைவது அதைவிடப் பெரிய ஆபத்து. உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். சிறுநீரக நோயில் புரத அளவை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் தேவை கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை, பழைய பத்தியத்தையே தொடர்கிறார்கள்.

மாத்திரை நேரமும் முக்கியம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். இரும்புச்சத்து மாத்திரையோடு டீ, காபி கூடாது. பார்க்கின்சனுக்கான லெவோடோபாவோடு புரதம் போட்டியிடும், அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்.

ஒரு எச்சரிக்கை. பல நாளாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு ஆசையாசையாகத் திடீரென்று முழுச் சாப்பாடு கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மளமளவென்று இறங்கி இதயத் துடிப்பே கெடலாம். இப்படிப்பட்டவரை முதலில் மருத்துவமனையில் காட்டி, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, ரத்தப் பரிசோதனையோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

படி 9: மூக்கு வழி டியூப்

வாயால் சாப்பிட முடியாதவருக்கு உணவு செலுத்த டியூப் போட்டபோது மூக்கருகே எந்த எண் இருந்தது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்க்க வேண்டும், நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக் கூடாது. டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, காற்றடித்து ஸ்டெத்தில் சத்தம் கேட்பது நம்பகமான சோதனை இல்லை. டியூப் வழியாக உறிஞ்சிய திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா என்று பார்ப்பதோ எக்ஸ்ரேயோதான் நம்பகமானது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம், கொடுத்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. ஒரு தடவைக்கு 200 முதல் 250 மி.லி., அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்கும்படி 20 நிமிடத்துக்குக் குறையாமல். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் ராகிக் கஞ்சி அடைத்துக்கொள்ளும். வீட்டில் அரைத்த உணவை வடிகட்டி, வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது, மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்றால் வயிற்றில் நேரடியாகப் போடும் டியூபைப் பற்றிப் பேசலாம்.

மறதி நோய் முற்றிய நிலையில் டியூப் போடுவது ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ நிரூபணம் இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் அந்த நிலையில் டியூபைவிடப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. “டியூப் போடலைன்னா பட்டினி போட்ட மாதிரி ஆகாதா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடைசி நாட்களில் உடம்பின் இயக்கம் ஓய்ந்து வருவதால்தான் பசி நிற்கிறது, சாப்பிடாததால் மரணம் வருவதில்லை என்று மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டிய நேரம் அது. உயிர் பிரியும் நேரத்தில் பால் ஊற்றும் வழக்கம் உள்ள வீடுகளில், வாயில் ஊற்றாமல் விரலால் தொட்டு உதட்டில் நனைத்தால் போதும். சடங்கும் நடக்கும், மூச்சுத் திணறலும் வராது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சாப்பிடும்போது நீலம் பாரித்தல், ஊட்டிய பிறகு காய்ச்சலும் மூச்சிரைப்பும், எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, புதிதாக வந்த குழப்பம், டியூப் கழன்றது என்றால் அன்றைக்கே மருத்துவமனை. இரண்டு நாளாகப் பாதிச் சாப்பாடுகூடப் போகவில்லை என்றால் மருத்துவருக்கு போன். தமிழ்நாட்டில் வீட்டோடு இருப்பவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை. போகும்போது அந்த மூன்று நாள் நோட்டையும் மாத்திரைப் பட்டியலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.